எரிமலைப் பாறையின் கடைசித் துண்டு

அன்று காலை அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் வசந்தா. எங்கள் ஆய்வு அறையின் பொறுப்பாளர். மதுரைப் பக்கம். நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தார்.

சுயம்பு அண்ணாச்சி. பொடித்த கல்லைக் கழுவுவதும் காயவைப்பதும் அவர் வேலை. கொட்டாரத்துக்காரர்.

ஸ்டெல்லா. நுண்ணோக்கியில் பார்த்துப் பரல் பொறுக்குகிறவள். கடற்கரை ஊர்ப் பெண். வாய் உள்ளவள்.

நான், தங்கபாய். கல் உடைக்கிறவள். அருமனை.

மேசைமேல் ஒரு கல் இருந்தது. என் கை முட்டி அளவு. கருஞ்சாம்பல் நிறம். அன்று நடந்த பேச்சு முழுவதும் அதைப் பற்றித்தான்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அறையை இப்போது புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். அதையொட்டி ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டும் என்று ஸ்டெல்லா போன் செய்தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை என்றேன். "நடந்தத எழுதுங்க அக்கா, அது போதும்" என்றாள். நடந்ததை எழுதுகிறேன்.

அருமனைக்கு மேலே குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தேன். குவாரி மூடியது. நாகர்கோவிலில் ஓர் ஆய்வு அறையில் கல் உடைக்க ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். போனேன். கல் உடைக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். தெரியும் என்றேன். வேலை கிடைத்தது. குவாரியில் நான் உடைத்தது லாரியில் போகும். இங்கே உடைத்தது கண்ணாடிக் குப்பியில் போனது. அந்த வித்தியாசம் கைக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனது. வேறு படிப்பு எதுவும் இல்லை.

வேலை இதுதான். பாறைத் துண்டு வரும். நான் உடைத்து, இயந்திரத்தில் பொடித்து, உப்பு அளவுக்குச் சலிப்பேன். சுயம்பு அண்ணாச்சி அந்தப் பொடியை ஆடும் மேசையில் தண்ணீர் விட்டுக் கழுவுவார். கனமில்லாதது தண்ணீரோடு ஓடும். கனமானது மேசையில் தங்கும். தங்கியதைக் காயவைத்துத் தருவார். டாக்டர் அதைக் கனத் திரவம் ஒன்றில் கொட்டுவார். முக்கால்வாசி மிதக்கும். அடியில் இறங்கியது மட்டும் வேண்டும். அதை மறுபடி கழுவிக் காயவைத்து, காந்தத்தில் ஒட்டுவதை நீக்கினால் மிஞ்சுவது ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகையை ஸ்டெல்லா நுண்ணோக்கிக்குக் கீழே பரப்பி, ஊசி முனையால் ஒவ்வொரு பரலாக ஒதுக்குவாள். அவள் தேடுவது சிர்க்கான் என்ற பரல். கண்ணுக்குத் தூசி மாதிரி. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு பக்கமும் கூராகச் சீவிய பென்சில் மாதிரி.

ஏன் அந்தப் பரல் என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். எரிமலைக் குழம்பு ஆறும்போது அது உருவாகிறது. உருவாகும்போது கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே பிடித்துக்கொள்ளும். ஈயத்தைச் சேர்க்காது. பிறகு அந்த யுரேனியம் தன்பாட்டுக்கு ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். வெயிலானாலும் மழையானாலும் அதன் வேகம் கூடாது, குறையாது. உள்ளே யுரேனியம் எவ்வளவு மிச்சம், ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், குழம்பு ஆறி எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியும். அளக்கும் இயந்திரம் வெளியூரில் இருந்தது. பரலைப் பொறுக்கி அனுப்புவதுவரை எங்கள் பாடு.

அதுவரை எங்களுக்கு வந்ததெல்லாம் நம் ஜில்லாப் பாறைகள். மருந்துவாழ்மலைப் பக்கத்துப் பாறை, பத்மநாபபுரம் பக்கத்துப் பாறை, அருமனைக் குவாரிக் கல்கூட வந்தது. முதன்முதலாக வெளியிலிருந்து வந்தது இந்த எரிமலைக் கல். மேற்குக் கடலில் ஒரு தீவுக்குப் பக்கத்தில் துளை போட்டு, ஆழத்திலிருந்து எடுத்தது. இரண்டு துண்டுகள் அனுப்பினார்கள். அவ்வளவுதான் கிடைத்ததாம். அந்த எரிமலை எப்போது வெடித்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் துண்டை உடைத்துப் பரல் எடுத்து அனுப்பிவிட்டோம். அதன் கணக்கு அன்று காலை வந்திருந்தது.

டாக்டர் சொன்னார்.

"பரல்கள் ரெண்டு கூட்டமா நிக்குது. ஒரு கூட்டம் ஒன்பது கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் கீழே. இன்னொரு கூட்டம் ஐம்பத்தஞ்சு கோடி வருஷம்."

"ஒரே கல்லுல எப்படி மேடம் ரெண்டு வயசு?" என்றாள் ஸ்டெல்லா.

"வரலாம். குழம்பு மேல ஏறி வரும்போது ஆழத்துல கிடக்கிற பழைய பாறையையும் உரசிக்கிட்டு வரும். அதுல உள்ள பரலும் சேர்ந்து வரும். அப்படின்னா அந்தக் கடலுக்கு அடியில ஒரு பழைய நிலம் இருக்குன்னு அர்த்தம். பெரிய விஷயம்." நிறுத்தினார். "ஆனா ஐம்பத்தஞ்சு கோடிங்கிறது இந்த ஊர்ப் பாறையோட வயசு. நம்ம அறையிலேயே சேர்ந்திருந்தாலும் இதே கணக்குத்தான் வரும்."

"சின்ன வயசுக் கூட்டத்த மட்டும் எடுத்துச் சொல்லிரலாமே" என்றார் சுயம்பு அண்ணாச்சி.

"அறையில வெளிப் பரல் கலக்குதுன்னா எது வெளியிலேர்ந்து வந்தது, எது கல்லுலேர்ந்து வந்ததுன்னு நான் எதை வெச்சுச் சொல்றது சுயம்பு?"

டாக்டர் அடுத்ததையும் மறைக்கவில்லை. தலைமை அலுவலகத்தில் பேசியிருந்தார். சந்தேகம் இருந்தால் மிச்சத் துண்டை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடச் சொன்னார்களாம். இந்த மூலையில் இப்படி ஓர் அறை தேவைதானா என்ற பேச்சும் வந்ததாம். டாக்டர் ஒரு மாதம் தவணை கேட்டிருந்தார். அதற்குள் அறை சுத்தம் என்று காட்ட வேண்டும். காட்டிய பிறகுதான் இந்தத் துண்டைத் தொடலாம். இது போனால் வேறு துண்டு இல்லை.

அறை மூடினால் எனக்கு மறுபடி குவாரி. ஸ்டெல்லாவுக்கு மீன் கம்பெனி. எல்லாருக்கும் அது தெரியும்.

சுயம்பு அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார்.

"நான் குத்தமாச் சொல்லல மேடம். கடப்புறத்துல இருந்து வாறவியளுக்க சேலைத் தும்புல மண்ணு இருக்கும். கடக்கர மண்ணுல இந்தப் பரல் கெடக்குன்னு நீங்கதான சொன்னீங்க. உள்ளதச் சொல்லுதேன்."

ஸ்டெல்லா திரும்பினாள்.

"ஓய் அண்ணாச்சி, நீரு மட்டும் என்ன மொசைக் தரையிலயா பொறந்தீரு? உம்ம செருப்பத் தட்டும், பாப்போம்."

"எனக்கு வீட்டுல இருந்து கடலு ரெண்டு மைலு."

"காத்துக்கு ரெண்டு மைலு தெரியுமா ஓய்?"

டாக்டர் கையைத் தூக்கினார். சத்தம் நின்றது. அவர் ஒருபோதும் கத்தியதில்லை. கையைத் தூக்குவார். அவ்வளவுதான். மேசையில் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்தார். முதலில் தன் சேலைத் தும்பை அதன்மேல் உதறினார். கைப்பையையும் கவிழ்த்தார். சாவி, சீப்பு, பஸ் டிக்கெட் எல்லாம் விழுந்தன. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பாக்கெட் விழுந்தது. கன்னியாகுமரியில் வண்ண வண்ண மணலை அடுக்கி விற்பார்களே, அது. மூலை கிழிந்து, சிவப்பு மணலும் கறுப்பு மணலும் தாளில் கொட்டின.

"தங்கச்சி பிள்ளைக்கு வாங்கினேன்" என்றார் டாக்டர்.

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. டாக்டரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் ஒவ்வொருவராக உதறினோம். ஸ்டெல்லாவின் தும்பிலிருந்து மணல் விழுந்தது. சுயம்பு அண்ணாச்சியின் வேட்டி மடிப்பிலிருந்தும் விழுந்தது. என்னிடமிருந்து செம்மண்.

"மண்ணு இல்லாத ஆளு இந்த ஜில்லாவுல உண்டுமா மேடம்?" என்றாள் ஸ்டெல்லா.

"இல்லை. அதனால யாரையும் சொல்றதுக்கு முன்னால சோதிச்சுப் பாப்போம்" என்றார் டாக்டர்.

சோதனைக்கு பிளாங்க் என்று பெயர். பாறைக்குப் பதில் ஆய்வகக் கண்ணாடிக் கம்பிகளைத் தந்தார். சோதித்து எடுத்த கம்பிகள். அதில் சிர்க்கான் கிடையாது. அதைப் பாறை என்று நினைத்து உடைத்து, கழுவி, காயவைத்து, கடைசிவரை கொண்டுபோக வேண்டும். கடைசியில் ஸ்டெல்லாவின் தட்டில் ஒரு பரலும் இருக்கக் கூடாது. ஒன்று இருந்தாலும் அது எங்கள் அறையிலிருந்து வந்தது.

கண்ணாடியை உடைத்தேன். ஸ்டெல்லாவின் தட்டில் ஆறு பரல்கள்.

அன்றே டாக்டர் அறையின் விதியை மாற்றினார். செருப்பு வாசலோடு சரி. உள்ளே போட வேறு உடை, அறையிலேயே துவைத்தது. தலைக்குத் துணி. பெருக்குமாறு கிடையாது, ஈரத் துணிதான். ஸ்டெல்லா காலையில் ஊரில் குளித்துவிட்டு வந்து இங்கே மறுபடி குளித்தாள். "ஞானஸ்நானம் ஒரு தடவதான் குடுப்பாவ. இங்க நாளும் குடுக்காவ" என்று முணுமுணுத்துக்கொண்டே போவாள். ஆனால் ஒருநாளும் தவறவில்லை.

இரண்டாவது கண்ணாடி. ஐந்து பரல்கள்.

சுயம்பு அண்ணாச்சி ஸ்டெல்லாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அது அவளுக்குப் போதும்.

"என்ன ஓய் அங்க பாக்கீரு? இனி என்ன, மொட்டை போட்டுட்டு வரணுமா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாம சொல்லுதீரே, அதத்தான் சொல்லுகேன்."

மறுநாள் அவள் வரவில்லை. நான் சாயங்காலம் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் வீடு. அண்ணனுடைய வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்தியளா அக்கா? மேடம் அனுப்பினாவளா?"

"இல்ல. நானா வந்தேன்."

"அவரு என்னைய அழுக்குன்னு நெனைக்காரு."

"நெனைக்கட்டு. ஒனக்க தட்டுல பரல் விழுந்தா அத எண்ணதுக்கு வேற ஆளு இல்ல பிள்ளே."

அவள் வலையை மடித்து வைத்தாள். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் வந்து குளித்து, தலைத்துணி கட்டி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அடுத்து வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார். என் இயந்திரத்தில் மட்டும் கண்ணாடியைப் பொடித்து, அந்தப் பொடியைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. புதுக் கண்ணாடிப் பொடியை ஆடும் மேசையில் மட்டும் கழுவிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. கனத் திரவத்தில் மட்டும். ஒன்றுமில்லை. காந்தம், ஸ்டெல்லாவின் தட்டு, ஊசி, தண்ணீர்த் தொட்டி. ஒன்றுமில்லை. கொஞ்சம் கொஞ்சம் பொடிதான் என்பதால் டாக்டரே தன் அறைக்குக் கொண்டுபோய் பல்புக்குக் கீழே காயவைத்துவிடுவார்.

பிறகு முதலிலிருந்து கடைசிவரை, முழுதாக ஒருமுறை. நான்கு பரல்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சுத்தம். சேர்த்துச் செய்தால் அழுக்கு. டாக்டர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். மாதத்தில் பாதிக்குமேல் போயிருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் வராந்தாவுக்குப் போய்ப் பேசினார். கதவைச் சாத்துவதில்லை. "இல்லை சார், இன்னும் அனுப்பலை" என்பது கேட்கும்.

அடுத்த நாள் காலை வந்ததும் சொன்னார்.

"இன்னைக்கு எந்தச் சோதனையும் இல்லை. நீங்க தினமும் செய்யற மாதிரி செய்யுங்க. அவசரமும் வேண்டாம், புது ஜாக்கிரதையும் வேண்டாம். நான் நிப்பேன். நான் இல்லைன்னு நினைச்சுக்குங்க."

நின்றார். காலையில் என் இயந்திரத்துக்குப் பக்கத்தில். நான் சுத்தியலை எந்தக் கையில் வைக்கிறேன், சல்லடையை எங்கே சாய்க்கிறேன் எல்லாம் பார்த்தார். கேள்வி கேட்கவில்லை. பிறகு மேசைப் பக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுயம்பு அண்ணாச்சி காயவைக்கப் போனார். டாக்டரும் பின்னால் போனார். நானும் ஸ்டெல்லாவும் கதவருகே நின்றோம்.

காயவைக்க ஒரு மணல் தட்டு உண்டு. அகலமான இரும்புத் தட்டு. கீழே அடுப்பு. தட்டு நிறைய மணல். அதற்குள் பீங்கான் கிண்ணங்களைப் புதைத்து வைத்தால் நாலு பக்கமும் ஒரே சூடு ஏறும். பொடி தெறிக்காமல் காயும். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அது அங்கேதான் இருந்தது. சுவர் மாதிரி. யாரும் அதைப் பார்ப்பதில்லை.

சுயம்பு அண்ணாச்சி முதலில் ஒரு நீளக் கரண்டியால் மணலைக் கிண்டினார். அடிமணலை மேலே கொண்டுவந்து, மேல்மணலை அடியில் தள்ளி, தட்டின் ஓரத்தில் கரண்டியை இரண்டு தட்டுத் தட்டினார். கை பழகிய வேகம். பிறகு ஈரப் பொடி இருந்த கிண்ணத்தை மணலில் வைத்து ஒரு திருகு திருகி இறக்கினார். இரண்டாவது கிண்ணத்துக்கு இடம் செய்ய மறுபடி கிண்டினார். முதல் கிண்ணம் பக்கத்தில் திறந்தே இருந்தது.

"எதுக்குக் கிண்டறீங்க சுயம்பு?"

"கிண்டாட்டா மேலச் சூடு வராது மேடம். அடியில மட்டும் காந்தும். கடலை வறுக்கதுலயும் இதான கணக்கு." அவர் இந்த வேலைக்கு வருமுன் கன்னியாகுமரிக் கடற்கரையில் கடலை வண்டி வைத்திருந்தவர்.

"இது எந்த மணல்?"

"நம்ம கடக்கரக் கருமணலு." அவர் குரலில் பெருமை இருந்தது. "ஆத்து மணலுன்னா சட்டுன்னு ஆறிப்போவும். கருமணலு சூட்டப் பிடிச்சு நிக்கும். பழைய சாரு காலத்துல ஓவன் கெட்டுப்போச்சு. என்ன செய்யலாம்னு கேட்டாரு. நாந்தான் ஒரு சாக்கு கொண்டாந்து இதப் போட்டேன். அதுக்குப் பொறவு ஓவனே வேண்டாம்னுட்டாரு."

டாக்டர் காய்ந்த கிண்ணம் ஒன்றைத் துணியால் பிடித்து எடுத்தார். அடியைத் திருப்பிக் காட்டினார். ஈரம் பட்ட இடமெல்லாம் மணல் ஒட்டியிருந்தது. பொடியைத் தாளில் கொட்டக் கிண்ணத்தை அப்படியே சாய்த்தால் பொடியோடு அதுவும் விழும். அவர் விரல் நுனியால் தட்டிலிருந்து கொஞ்சம் மணல் எடுத்தார். ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். அவள் நுண்ணோக்கியில் வைத்தாள். பார்த்தாள். தலையைத் தூக்கவில்லை.

"மேடம், இதுக்குள்ள பூரா நம்ம பரலு கெடக்கு" என்றாள்.

கனமில்லாததைக் கடலே கழுவிக் கொண்டுபோய்விட்டிருக்கிறது. கரையில் தங்கியது கனமானது. சுயம்பு அண்ணாச்சி மேசையில் செய்வதைக் கடல் ஏற்கெனவே செய்து வைத்திருந்தது. அந்த மணலும் இந்த ஜில்லாப் பாறைகள் உதிர்ந்து வந்ததுதான். அதனால் இதுவரை தெரியவில்லை. நம் ஊர்ப் பாறையில் நம் ஊர் மணல் கலந்தால் வயது வித்தியாசம் காட்டாது. வெளியூர்க் கல் வந்ததும் காட்டிவிட்டது.

சுயம்பு அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப நானா மேடம்?"

"இந்தத் தட்டை நான் வந்ததுலேர்ந்து தினமும் தாண்டிப் போறேன்" என்றார் டாக்டர். "என்ன மணல்னு கேட்கலை. கேட்க வேண்டியது என் வேலை."

அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

ஸ்டெல்லா எழுந்து வந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. இந்த நாளுக்காகக் காத்திருந்தவள் அவள்.

"அண்ணாச்சி, எனக்க சேலைத் தும்பும் உம்ம தட்டும் ஒரே குடும்பம் போலுக்கு."

அவர் கண் கலங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். குரலை மாற்றினாள்.

"செரி, எழும்பும். சாக்க எடும். ஒரு பக்கம் நான் பிடிக்கேன்."

மணலை அள்ளிச் சாக்கில் கட்டினோம். வளாகத்துக்குள் கொட்டக் கூடாது, காற்றில் திரும்பி வரும் என்றார் டாக்டர். சுயம்பு அண்ணாச்சி அதை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். கண்டக்டர் சாக்கில் என்ன என்று கேட்டதற்கு மணல் என்றாராம். எங்கே கொண்டு போகிறீர் என்றதற்குக் கடற்கரைக்கு என்றாராம். கண்டக்டர் இறங்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டு வந்தாராம். மறுநாள் இதை அவரே சொன்னார். அதிலிருந்துதான் மறுபடி பேச ஆரம்பித்தார்.

மணல் போனதோடு முடியவில்லை. அதுவரை அந்தத் தட்டில் காய்ந்த எல்லாப் பாறைக் கணக்கும் சந்தேகத்துக்குள் வந்தது. டாக்டர் கல் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் எழுத ஆரம்பித்தார். உங்கள் பாறையில் எங்கள் மணல் கலந்திருக்கலாம், மறுபடி பார்க்கும்வரை அந்த வயதை நம்ப வேண்டாம் என்று. தலைமை அலுவலகத்தில் பெரியவர் ஒருவர் போனில் கோபப்பட்டார். எங்களுக்கே கேட்டது. இதை ஊர் முழுக்கச் சொல்ல வேண்டுமா, அறையை நாமே மூடுவது மாதிரி இருக்கிறதே என்றார். டாக்டர் கேட்டு முடித்துவிட்டு, "முக்கால்வாசிப் பேருக்கு அனுப்பிட்டேன் சார். மிச்சம் சாயங்காலத்துக்குள்ள போயிரும்" என்றார்.

அறையில் இருந்ததையெல்லாம் இறக்கிக் கழுவினோம். மேசையைக் கழற்றினோம். இயந்திரத்தின் தாடைகளைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன். சுவர், அலமாரி, மின்விசிறி இறக்கை. சுயம்பு அண்ணாச்சி எங்கள் எல்லாரையும்விட அதிகம் தேய்த்தார். தட்டு இருந்த இடத்தை இரண்டாவது முறையும் தேய்த்தார். புது ஓவன் வந்தது. கண்ணாடி உடைத்தேன். முழுதாகக் கடைசிவரை போனது. ஸ்டெல்லா தட்டை நெடுநேரம் பார்த்தாள். ஓரம் ஓரமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

"இன்னொரு தடவை" என்றார் டாக்டர்.

இன்னொரு தடவையும் ஒன்றும் இல்லை. அதைத் தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொன்ன பிறகுதான் டாக்டர் அலமாரியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்தார்.

தவணையில் நாலு நாள் மிச்சம் இருந்தது. கல்லை என் கையில் கொடுத்தார்.

"இயந்திரமா, கையா?"

"கை" என்றேன்.

இயந்திரத்தில் போட்டால் தாடை இடுக்கில் கொஞ்சம் தங்கும். பெரிய கல்லுக்கு அது பெரிதல்ல. இது முட்டி அளவு. இதிலிருந்து ஒரு பொடி போனாலும் அதில் ஒரு பரல் போயிருக்கலாம்.

கனத்த பிளாஸ்டிக் உறை இரண்டு வாங்கி, ஒன்றுக்குள் ஒன்று வைத்து, அதற்குள் கல்லை வைத்துக் கட்டினேன். எஃகுப் பலகைமேல் வைத்தேன். கருங்கல்லை எனக்குத் தெரியும். அது அடியை உள்ளே வாங்கிக்கொள்ளும், பிறகு ஓடும் கோட்டில் பிளக்கும். எங்கே கோடு ஓடுகிறது என்று தட்டும் சத்தத்தில் தெரியும். இந்தக் கல்லில் கோடு இல்லை. முதல் துண்டை உடைக்கும்போதே பார்த்திருந்தேன். பாட்டில் மாதிரி நினைத்த பக்கம் சிதறும். ஓங்கி அடித்தால் உறை கிழியும். அதனால் ஓங்கவில்லை. சுத்தியலின் கனத்தை மட்டும் விட்டேன். விட்டேன், திருப்பினேன், விட்டேன். மூன்றுபேரும் சுற்றி நின்றார்கள். "மூச்சு விடுங்க" என்றேன். அவர்கள் விட்டார்கள்.

முதல் விரிசல் விழுந்தது. சத்தம் சின்னது. உறைக்குள்ளேயே நாலானது. பிறகு எட்டானது. அதை எஃகு உரலுக்கு மாற்றினேன். மேலே மூடி போட்டு, மூடியின் ஓட்டை வழியாக உலக்கையை இறக்கிக் குத்தினேன். குத்திக் குத்திச் சலித்தேன். சலித்ததில் தங்கியதை மறுபடி உரலில் போட்டேன். அதிகம் குத்தினால் பரலே நொறுங்கும். குறைவாகக் குத்தினால் பரல் கல்லைவிட்டு வெளியே வராது. அதனால் கொஞ்சம் குத்துவது, சலிப்பது, கொஞ்சம் குத்துவது. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. சுயம்பு அண்ணாச்சி சாயா வாங்கி வந்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, வெளியே வந்து குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டுக் கை கால் கழுவி, உடை மாற்றி, மறுபடி உட்கார்ந்தேன். சாயங்காலம் முடிந்தது. உறையை உதறி, உரலைத் துடைத்து, துடைத்ததையும் கழுவிச் சேர்த்தேன்.

சுயம்பு அண்ணாச்சி கழுவினார். மேசையின் ஆட்டத்தைக் குறைத்து, தண்ணீரை நூலாக விட்டுக் கழுவினார். புது ஓவனில் கிண்ணத்தை வைத்துக் கதவை மூடிவிட்டு, அதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அது ஓடிப் போவாது அண்ணாச்சி" என்றாள் ஸ்டெல்லா.

"நான் காவலுக்கு இருக்கல பிள்ள. ஒண்ணுமே செய்யாம எப்படிக் காயுதுன்னு பாக்கேன்."

கனத் திரவமும் காந்தமும் முடிந்து ஸ்டெல்லா பொறுக்க ஆரம்பித்தாள். முதல் துண்டில் முப்பது கிடைத்திருந்தது. இப்போது மணலின் பங்கு இல்லை. எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. வராமலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். முதல் நாள் மதியம்வரை அவள் வாய் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் கண்டது அப்போதுதான். மதியத்துக்குப் பிறகு "ஒண்ணு" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடி ஊசி தாழ்ந்தது. இரண்டு நாள் பொறுக்கினாள். இருபத்து மூன்று.

டாக்டர் குப்பியைத் தபாலில் அனுப்பவில்லை. துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்து, தானே ரயில் ஏறினார். அந்தக் கைப்பையை நாங்கள் ஏற்கெனவே உதறிக் கழுவி வெயிலில் போட்டிருந்தோம்.

நாங்கள் மூன்று பேரும் அறையில் இருந்தோம். வேலை இல்லை. வேறு கல் வரவில்லை. பழைய கணக்கைப் பற்றி டாக்டர் எழுதியதைப் படித்தவர்கள் புதுக் கல் அனுப்பத் தயங்கியிருக்கலாம். சுயம்பு அண்ணாச்சி தினமும் ஓவனைத் துடைத்தார். ஸ்டெல்லா ஊசிகளைத் தீட்டினாள். நான் சுத்தியல் பிடியை மாற்றினேன். மூடுவார்களா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தோவாளையிலிருந்து பூ கொண்டு வருகிறவள் வாசலில் நின்று, ஏன் இப்படி எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். "கல்லு படிக்கப் போயிருக்கு. பரீட்ச ரிசல்டுக்குக் காத்திருக்கோம்" என்றாள் ஸ்டெல்லா.

ஒரு மதியம் போன் வந்தது. ஸ்டெல்லா எடுத்து, சத்தம் வெளியே கேட்கும்படி மேசைமேல் வைத்தாள். டாக்டர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"மூணு பேரும் இருக்கீங்களா?"

"இருக்கோம் மேடம்."

"பழைய கூட்டம் இல்லை. ஐம்பத்தஞ்சு கோடியில ஒரு பரல்கூட இல்லை. இருபத்து மூணும் ஒரே வயசு."

"அப்ப கடலுக்கடியில பழைய நெலம்?" என்றாள் ஸ்டெல்லா.

"இந்தக் கல்லுல அதுக்குச் சாட்சி இல்லை. அது நம்ம மணல்." நிறுத்தினார். "துளை போட்டவங்ககிட்டயும் தலைமை அலுவலகத்துலயும் சொல்லிட்டேன். பிளாங்க் ரெண்டையும் சேர்த்துக் காட்டினேன். ஒத்துக்கிட்டாங்க. அடுத்த துளைக் கல்லும் நமக்குத்தான் வருது."

சுயம்பு அண்ணாச்சி மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். போனுக்கு மிகப் பக்கத்தில் வாயை வைத்துக் கேட்டார்.

"எப்பம் வெடிச்சது மேடம்?"

"பலகையில எழுதிக்குங்க. முன்னே பின்னே அஞ்சு லட்சம் இருக்கலாம்."

சுண்ணாம்புக்கட்டி எனக்குத்தான் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன். அவர் சொன்னார். எழுதினேன்.

எட்டுக் கோடியே எண்பது லட்சம்.